லத்தீனில் 'அத்' ஒட்டிய சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

லத்தீன் கற்றுக்கொள்ள என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் பழக்குவது 'அத்' என்ற முன்னொட்டைத்தான். 'நோக்கி, அருகில்' என்பது அதன் பொருள். பார்க்க எளிது, ஆனால் அடுத்து வரும் மெய்யெழுத்துக்கு ஏற்ப உருமாறிவிடும். நம் கல் + சிலை 'கற்சிலை' ஆவது போலத்தான்.

'அஃபெரோ' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொண்டு வருகிறேன்' என்று பொருள். அடிவினையான ஃபெரோவின் இறந்தகாலம் துலி, எச்சம் லாத்தும். அதனால் முன்னொட்டும் மூன்று வேடம் போடுகிறது: அஃபெரோ, அத்துலி, அல்லாத்தும். மூன்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். சில பதிப்புகளில் 'அத்ஃபெரோ' என்றே அச்சிட்டிருக்கும், குழம்ப வேண்டாம்.

சொல் 'அ'வில் தொடங்கி அடுத்த மெய் இரட்டித்தால் 'அத்' இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உயிரெழுத்தையும் கவனியுங்கள். அக்கிபெரே (பெறுதல்) என்பதில் முன்னொட்டை நீக்கி, 'கி'யைக் 'க' ஆக்கினால் கபெரே (எடுத்தல்) கிடைக்கும். எல்லா இரட்டிப்பும் இப்படியல்ல. அன்னுஸ் (ஆண்டு) தனிச்சொல்.

அத்மித்தெரே, ஆமித்தெரே இரண்டும் மித்தெரே (அனுப்புதல்) என்பதிலிருந்து வந்தவை. முன்னது உள்ளே விடுதல். பின்னதில் இருப்பது 'விட்டு விலகி' எனப் பொருள்படும் 'ஆ', அது இழத்தல். இங்கே அவசரப்பட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

அஃபெரோவைப் பயன்படுத்தும்போது யாருக்கு என்பதை நான்காம் வேற்றுமையில் சொல்லுங்கள்: 'அமீக்கோ அவுக்ஸிலியும் அஃபெரோ', நண்பனுக்கு உதவி கொண்டு வருகிறேன்.