கலிபோர்னியா வாக்குச்சீட்டில் ‘ஆம்’ என்றால் எதற்கு ஆம்?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, கலிபோர்னியாவில் முதல் தடவை ஓட்டுப் போடப் போகிறீர்களா? ஆளைத் தேர்ந்தெடுப்பது எளிது. தலை சுற்ற வைப்பது அப்புறம் வரிசையாக வரும் ‘ப்ராப்’கள் (‘ப்ரோபொசிஷன்’ என்பதன் சுருக்கம்) தான். ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடமே நேரடியாகக் கேட்கும் கேள்விகள் அவை.

முதலில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தேர்தலுக்கு 15 நாள் முன்பே முடித்துவிட்டால் நிம்மதி. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் தகவல் கையேடும் தனியாக வரும். அதைப் பழைய பேப்பரோடு சேர்த்துவிடாதீர்கள்.

அடுத்து, கையேட்டில் ‘ஆம்’ போட்டால் என்ன நடக்கும், ‘இல்லை’ போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லும் பகுதிக்கு நேராகப் போங்கள். நான் எதையும் தலைப்பை வைத்து முடிவு செய்வதில்லை. 2008 நவம்பரில் வந்த ப்ராப் 8ஐப் பாருங்கள். தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பவர்கள் ‘இல்லை’ போட வேண்டியிருந்தது. ‘ஆம்’ என்றால் தடை. சுமார் 52 சதவீதத்தில் தடை ஜெயித்தது. நீதிமன்றம் வழியாக 2013இல் திருமணங்கள் மறுபடி தொடங்கினாலும், அந்தத் தடை வாசகத்தை மாநில அரசியலமைப்பிலிருந்து எடுக்க 2024இல் ப்ராப் 3 தேவைப்பட்டது. அப்போது அதே ஆதரவாளர்கள் ‘ஆம்’ போட்டார்கள்!

காரை விட்டு ரயில், பஸ்ஸுக்கு மாற நினைப்பவர்களுக்கும் இதே வம்புதான். ப்ராப் 8 இருந்த அதே சீட்டில் ப்ராப் 1ஏ: சான் பிரான்சிஸ்கோ – லாஸ் ஏஞ்சலஸ் அதிவேக ரயிலுக்கு 995 கோடி டாலர் கடன் பத்திரம். ரயில் வேண்டுமென்றால் ‘ஆம்’. ஜெயித்தது, ரயில்தான் இன்னும் வந்தபாடில்லை. 2018இல் ப்ராப் 6, முந்தைய வருடம் ஏற்றிய பெட்ரோல் வரியை ரத்து செய்யக் கேட்டது. அந்த வரிப்பணத்தில் பொதுப் போக்குவரத்துக்கும் பங்கு உண்டு என்பதால், பஸ் பக்கம் நின்றவர்கள் ‘இல்லை’ போட்டார்கள். அது தோற்றது.

இன்னொரு கண்ணி: சட்டமன்றம் போட்ட சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்து திரட்டிக் கொண்டுவரும் ‘ரெஃபரெண்டம்’. அதில் ‘ஆம்’ என்றால் சட்டம் இருக்கட்டும் என்று அர்த்தம்.

புரியாத ப்ராப்பை வெறுமனே விடலாம். மற்ற ஓட்டுகள் செல்லும். சரி, நிரப்பியாயிற்றா? உறையில் கையெழுத்துப் போடுங்கள். அரசுப் பதிவில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள், ஆகவே லைசென்ஸில் போட்டதைப் போலவே போடுங்கள். தபால்தலை வேண்டாம். பல ஊர்களில் நூலக வாசலிலேயே ஓட்டுப் பெட்டி இருக்கும். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் நடந்தே போய்ப் போட்டுவிடலாம்.