வன்னிக் காட்டில் குரங்குக் கூட்டத்தைப் பின்தொடர்வது எப்படி

இலங்கையின் வடக்கே வன்னியில் குரங்குக் கதை இல்லாத ஆளே இல்லை. கச்சானைப் பிடுங்கியது, கூரை ஓட்டைக் கிளப்பியது என்று சொல்வார்கள். ஆனால் அதே கூட்டம் மிச்ச நேரம் காட்டுக்குள் எந்த மாதம் எதைத் தின்கிறது என்று கேட்டால் பதில் வராது. 2025 மார்ச் 15 அன்று நாடு முழுக்கக் காணிகளில் ஐந்து நிமிடம் நின்று குரங்கு, மயில் போன்றவற்றை எண்ணினோமே, அதில் தலைகளின் கணக்குத்தான் கிடைக்கும். நடத்தை தெரிய வேண்டுமென்றால் ஒரே கூட்டத்தோடு மாதக்கணக்கில் நடக்க வேண்டும்.

முதலில் அனுமதி. ஒதுக்கக் காடென்றால் வனவளத் திணைக்களம், மடு வீதி, சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களம். மிதிவெடி முழுதாக எடுக்காத இடங்கள் இன்னும் உண்டு, ஆகவே சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் கூட்டம் கண்முன்னே தாண்டிப் போனாலும் சரி, நீங்கள் போகக் கூடாது. தேனுக்கும் விறகுக்கும் காட்டுக்குப் போய்ப் பழகிய ஊர்க்காரர் ஒருவர் கட்டாயம் கூட வரவேண்டும். யானையும் கரடியும் நிற்கிற இடம் அவருக்குத்தான் தெரியும்.

கூட்டத்தைப் பிடிக்க நல்ல நேரம் விடியற்காலை. முதல்நாள் பின்னேரம் எந்த மரத்தில் படுத்தன என்று பார்த்து வைத்து, இருட்டோடு அங்கே போய்விடுங்கள். ஒளிந்து நிற்க வேண்டாம், தினமும் ஒரே நிறச் சட்டையில் தெரிகிற மாதிரி நின்று, அவை விலகினால் நீங்களும் விலகுங்கள். தீனி ஒருபோதும் போடாதீர்கள், தடிமன் காய்ச்சல் இருந்தால் அன்றைக்குப் போகவும் வேண்டாம், நம்முடைய நோய் அவற்றுக்கும் தொற்றும்.

அப்புறம் பதிவு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சண்டை, குட்டி, துரத்தல் என்று கண்ணை இழுப்பதை மட்டும் எழுதினால் குரங்கு நாள் முழுக்கச் சண்டை பிடிக்கிற மாதிரித் தெரியும். 1974இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் இந்தச் சிக்கலை எடுத்து விளக்கிய பிறகு ஆய்வாளர்கள் நேரம் வைத்துத்தான் எழுதுகிறார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கட்டும். அந்தக் கணத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, தின்கிறதென்றால் எந்த மரம், இலையா பழமா பூவா என்று கொப்பியில் போடுங்கள். சும்மா இருந்தால் 'சும்மா' என்றே எழுதுங்கள், அதுவும் தரவுதான்.

செங்குரங்கிடம் ஒன்றைக் கவனியுங்கள். பாலைப்பழத்தை விறுவிறென்று கன்னப்பைக்குள் அடைத்துக்கொண்டு வேறு மரத்துக்குத் தாவி, புறங்கையால் கன்னத்தை அமுக்கி அமுக்கிப் பழத்தை வாய்க்குள் கொண்டுவந்து தின்னும், கொட்டையை அங்கேயே துப்பும். அதனால் பறித்த இடத்தையும் மென்ற இடத்தையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீரை மரத்தில் இருந்து பாலைப்பழம் தின்றதாகப் பதிவு வரும். கறுத்த முகமுள்ள மந்திக்குக் கன்னப்பை கிடையாது. இலையை வயிற்றில் புளிக்க வைத்துச் செரிப்பதால் மத்தியானம் நெடுநேரம் அசையாமல் இருக்கும், அலுத்துப்போய் நீங்கள் எழும்பிவிடாதீர்கள்.

தேவாங்கு பார்க்க ஆசையென்றால் அது இரவு வேலை, சிவப்பு வெளிச்சம் போதும், கண் இரண்டும் மினுங்கும்.

கொப்பியை அன்றிரவே படம் எடுத்து வையுங்கள். பாலை பழுக்கிற காலத்தில் பார்த்ததை வைத்து மாரிகாலத்துக்குக் கணக்குப் போட முடியாது, ஆகவே ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாகப் பதிந்த பிறகு தோட்டக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள்: எந்த மாதம் காட்டில் தீனி குறைகிறது, எந்த மாதம் அவருடைய வேலிக்கு வருகிறது என்று.