பூங்காவில் வீரமாமுனிவருக்குச் சிலை வைக்கப் போகிறீர்களா?

நான் திருமுருகன்பூண்டியில் உளி பிடிப்பவன். சாமி சிலைதான் அன்றாட வேலை. புலவர் சிலை கேட்டும் ஆட்கள் வருவதுண்டு. வீரமாமுனிவரைப் பூங்காவில் நிறுத்த நினைப்பவர்களுக்கு இது. 1680இல் இத்தாலியில் பிறந்து, இங்கே வந்து தமிழ் படித்து, 3615 பாட்டில் தேம்பாவணி பாடிய மனுசன். மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலையைப் போட்டோ எடுத்து வந்து, "இதே மாதிரி பண்ணிக் குடுத்துருங்கண்ணா" என்பார்கள்.

முதலில் அனுமதி. சாலையோரம் என்றால் 2013 உச்ச நீதிமன்ற உத்தரவு குறுக்கே நிற்கும். பூங்காவானாலும் மாநகராட்சித் தீர்மானமும் அரசு அனுமதியும் கைக்கு வராமல் கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லைப் பார்க்க நீங்களே வாருங்கள். சுத்தியால் தட்டினால் மணி மாதிரிக் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மங்கினால் உள்ளே விரிசல். சந்தேகம் இருந்தால் குடம் தண்ணீரை ஊற்றிக் காயவிடுங்கள். எல்லா இடமும் வெளுத்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அந்தக் கல் வேண்டாம்.

அவர் காலத்தில் போட்டோ ஏது? முகச்சாடைக்காகக் கமிட்டிக்குள் சண்டை போடுவது வீண். களிமண் மாதிரியைப் பக்கவாட்டிலும் நின்று பார்த்து, மூக்கைக் கூட்டவோ குறைக்கவோ அப்போதே சொல்லிவிடுங்கள். கல்லில் எடுத்தது எடுத்ததுதான்.

எல்லோரும் கோட்டை விடுவது பீடத்து எழுத்தில். அந்தக் காலத்தில் 'தெ' என்ற குறிலுக்குத்தான் புள்ளி வைப்பார்கள், நெடிலுக்குக் கிடையாது. ஓலையில் புள்ளி விடுபட்டால் எது குறில், எது நெடில் என்று தெரியாது. கொம்பை மேலேயும் சுழித்து 'தே' என்று நெடிலைப் பிரித்துக் காட்டியவர் இவர்தான். அவர் பீடத்திலேயே 'தேம்பாவணி'யின் முதல் எழுத்து மொண்ணையாக இருந்தால் எப்படி? சின்ன எழுத்தாக வெட்டினால் மேல்சுழிக்குள் நிற்கும் மிளகளவு கல் பொக்கென்று உதிர்ந்துவிடும். அப்புறம் சுழி வெறும் குழிதான். அந்த வரிக்கு மட்டுமாவது இரண்டு அங்குல எழுத்து, கையால் வெட்டியதாகக் கேளுங்கள். மெருகேற்றிய கருங்கல்லில் வெட்டுவாய் தானாகவே வெளுப்பாகத் தெரியும். தங்கப் பெயிண்ட் அடிக்க வேண்டாம், சீக்கிரமே உரிந்து தொங்கும்.

கருங்கல் கன அடிக்கு எழுபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. ஆள் உயரச் சிலை என்றால் கிரேன் இல்லாமல் ஆகாது. அடித்தளம் கெட்டித்தரை வரை இறங்க வேண்டும், கரிசல் மண்ணில் கண்டிப்பாக. சிலையையும் பீடத்தையும் பிணைக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் போட வேண்டும். சாதாரணக் கம்பி துருவேறி உப்பினால் கல்லையே பிளந்துவிடும்.

காக்கை எச்சத்துக்குத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். ஆசிட் பக்கமே போகாதீர்கள். திறந்துவைத்த தலைவர்கள் பேர்ப்பட்டியல் தனிக் கல்லில், பீடத்தின் பின்பக்கம் இருக்கட்டும். அதற்கு அரை அங்குல எழுத்து தாராளம்.