சொத்து வரி: ஆண்டு மதிப்பைச் சரிபார்த்து ஆட்சேபம் தெரிவிப்பது எப்படி

சிங்கப்பூரில் ஆண்டுக் கடைசியில் வரும் சொத்து வரிக் கடிதத்தில் கட்ட வேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அந்தத் தொகை எப்படி வந்தது என்று சொல்லும் இரண்டு விவரங்களும் அதே தாளில்தான் இருக்கின்றன: ஆண்டு மதிப்பு எவ்வளவு, வரி எந்த விகிதத்தில் போடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாலும் தேவையில்லாமல் பணம் போகும்.

முதலில், யாரிடம் கேட்பது என்பது தெளிவாக வேண்டும். ஊரில் பேரூராட்சிக்கு வீட்டு வரி கட்டிப் பழகியவர்கள் இங்கே நகர மன்ற அலுவலகத்தில் போய் விசாரிப்பது உண்டு. சிங்கப்பூரில் நகர மன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. 1988ஆம் ஆண்டின் நகர மன்றச் சட்டப்படி அது வசூலிப்பது மாதாமாதம் வரும் சேவை, பராமரிப்புக் கட்டணம். மின்தூக்கி, தாழ்வாரம், துப்புரவு எல்லாம் அதில்தான் நடக்கின்றன. சொத்து வரி 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியில் விதிக்கப்படுகிறது. அதை மதிப்பிடுவதும் வசூலிப்பதும் உள்நாட்டு வருவாய் ஆணையம். எந்த வட்டாரத்தில் குடியிருந்தாலும் விகிதம் ஒன்றுதான்.

ஆண்டு மதிப்பு என்பது வீட்டின் விலை அல்ல. முழு வீட்டையும் இன்றைய சந்தையில் வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கணிப்பு. மேசை, கட்டில் போன்ற தளவாடங்களுக்கான வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் அதில் சேராது. தம்பி குடும்பத்துக்குப் பாதி வாடகைக்கு விட்டிருந்தாலும் சந்தை வாடகைதான் கணக்கு. நீங்களே குடியிருந்தாலும் அப்படித்தான்.

அடுத்தது விகிதம். பெரிய தொகை போவது இங்கேதான். உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு 2025 முதல், ஆண்டு மதிப்பின் முதல் 12,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வரி இல்லை. அடுத்த 28,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு, அடுத்த 10,000 வெள்ளிக்கு 6 விழுக்காடு, அதற்கடுத்த 25,000 வெள்ளிக்கு 10 விழுக்காடு. அப்படியே ஏறி, 140,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 32 விழுக்காடு. உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கு விலக்கே இல்லை: முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு, அடுத்த 15,000க்கு 20, அடுத்த 15,000க்கு 28, அதற்கு மேல் 36.

ஒரு நாலறை வீட்டின் ஆண்டு மதிப்பு 16,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குடியிருந்தால் 12,000 போக மீதி 4,800க்கு 4 விழுக்காடு, அதாவது 192 வெள்ளி. குடியிருக்கவில்லை என்று பதிவாகியிருந்தால் 2,016 வெள்ளி. பத்து மடங்குக்கும் மேல். ஆகவே சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் மூலம் ஆணையத்தின் மைடாக்ஸ் இணையத்தளத்தில் நுழைந்து, உங்கள் சொத்தின் பக்கத்தில் எந்த விகிதம் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே விண்ணப்பிக்கலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனித்தனி வீடு இருந்தாலும், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கான சலுகை விகிதம் ஒரு வீட்டுக்குத்தான்.

ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டு நீங்களும் அதே வீட்டில் இருந்தால் சலுகை போகாது. முழு வீட்டையும் விட்டால் போய்விடும். உடனே ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுவதையும் தள்ளிப்போடக் கூடாது. இங்கே கையெழுத்தானால் 14 நாள்தான் அவகாசம். வீடு காலியாகக் கிடக்கிறது என்று பணம் திரும்பக் கேட்கும் வசதி 2014 முதல் இல்லை.

இப்போது ஆண்டு மதிப்புக்கு வருவோம். அது கூடுதலாகத் தோன்றினால் ஆதாரம் திரட்டுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு என்றால் வீவக தளத்திலும், தனியார் வீடு என்றால் நகரச் சீரமைப்பு ஆணையத்தின் தளத்திலும் உண்மையில் கையெழுத்தான வாடகைகள் கிடைக்கும். அதே புளோக் அல்லது பக்கத்து புளோக், அதே அறை எண்ணிக்கை, ஏறத்தாழ அதே பரப்பளவு, அண்மைய மாதங்கள்: இப்படி நாலைந்து எடுத்தால் போதும். விளம்பரத்தில் கேட்கும் வாடகை ஆதாரமாகாது. ஓர் அறைக்கான வாடகையும் ஒப்பீட்டுக்கு உதவாது.

கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீட்டில் பலர் தவறுவது, வாடகையிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழிப்பதில். மாத வாடகை 4,000 வெள்ளி. அதில் பராமரிப்புக் கட்டணம் 350, தளவாடத்துக்கு 150 என்றால், கணக்கில் எடுக்க வேண்டியது 3,500 வெள்ளி. ஆண்டுக்கு 42,000. கழிக்காமல் விட்டால் 48,000. வாடகைக்கு விட்ட வீட்டில் இதன் வரி வித்தியாசம் 1,440 வெள்ளி (6,000க்குப் பதில் 7,440). உரிமையாளரே குடியிருந்தால் வித்தியாசம் 360 வெள்ளிதான்.

வீவக வீட்டில் குடியிருப்பவருக்கு ஆண்டு மதிப்பில் 1,200 வெள்ளி குறைந்தால் மிச்சம் வெறும் 48 வெள்ளி. அதற்காக மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். எல்லைக்கோட்டில் இருந்தால் கட்டாயம் வேண்டும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவியான பொருள், சேவை வரிப் பற்றுச்சீட்டின் ரொக்கத் தொகையும் இதே ஆண்டு மதிப்பைப் பார்த்தே தரப்படுகிறது. 2025இல் 21,000 வெள்ளி வரை 850 வெள்ளி, அதற்கு மேல் 31,000 வரை 450 வெள்ளி, அதையும் தாண்டினால் ஒன்றுமில்லை. 21,600 என்று மதிப்பிடப்பட்ட வீட்டை 21,000க்கு இறக்கினால் வரியில் 24 வெள்ளி குறையும். மற்றத் தகுதிகள் இருந்தால் பற்றுச்சீட்டில் 400 வெள்ளி கூடும். வீட்டில் தகுதியுள்ள பெரியவர்கள் மூவர் இருந்தால் 1,200 வெள்ளி. முந்தைய ஆண்டு டிசம்பர் 31 அன்று உள்ள மதிப்பே அளவுகோல் என்பதால், நாள் கடத்தாதீர்கள்.

மதிப்பை மாற்றியதாக அறிவிப்பு வந்திருந்தால், அதில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் மைடாக்ஸ் தளத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சொத்துகளின் ஆண்டு மதிப்பைப் பதிந்து வைக்கும் மதிப்பீட்டுப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பை எதிர்ப்பதென்றால் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். நீங்கள் சரியென்று நினைக்கும் மதிப்பை எண்ணாக எழுதி, ஒப்பீட்டு வாடகைகளை அடியில் கொடுங்கள். "வேலை போய்விட்டது", "பென்ஷன் இல்லை" என்பவை நியாயமான கஷ்டங்கள்தான். ஆனால் மதிப்பைக் குறைக்க அவை காரணமாகா. கஷ்டம் இருந்தால் தவணை பற்றித் தனியாகக் கேளுங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் முடிவு திருப்தி தராவிட்டால் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். அதற்கான கெடு முடிவுக் கடிதத்தில் இருக்கும்.

முடிவு வரட்டும் என்று வரியைக் கட்டாமல் மட்டும் இருக்காதீர்கள். ஜனவரி 31 தாண்டினால் கட்டாத தொகைக்கு 5 விழுக்காடு அபராதம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ஜைரோ முறையில் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை உண்டு. கணக்கில் போதிய பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பு பின்னர் குறைக்கப்பட்டால் கூடுதலாகக் கட்டியது உங்களுக்கே திரும்பி வரும்.