பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்: பிரஷர் உள்ள பெரியவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் வீடு ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில். சுற்றிலும் கேரட்டும் பீட்ரூட்டும்தான். அறுவடையன்று பீட்ரூட் இலையை அறுத்துப் பாத்தி ஓரமாகப் போட்டுவிட்டு, கிழங்கை மட்டும் மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் அனுப்புவார்கள். இலை மாட்டுக்கு. அப்பாவுக்கு 71 வயது, பல வருடமாகப் பிரஷர் மாத்திரை. அவருக்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான், நல்லதில் பாதியை நாமே வீணாக்குகிறோம் என்று புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காரணம். பீட்ரூட், கீரை, முள்ளங்கி, லெட்யூஸ், செலரி இவற்றிலெல்லாம் நைட்ரேட் என்ற இயற்கைப் பொருள் அதிகம். நாம் சாப்பிடும் நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, அதில் ஒரு பங்கு உமிழ்நீரோடு திரும்ப வாய்க்கே வருகிறது. நாக்கின் பின்பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கியபின் அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு ஆகி, இறுகிய ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. இந்த நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயில் செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. வயது ஏற ஏற ரத்தக்குழாய்கள் தாமாக இதை உண்டாக்குவது குறைந்துவிடும். அதனால்தான் பெரியவர்களுக்குச் சாப்பாட்டு வழி முக்கியம். 2015இல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில், பிரஷர் உள்ளவர்கள் தினம் 250 மில்லி பீட்ரூட் ஜூஸ் 4 வாரம் குடித்தார்கள். மேல் அழுத்தம் (பிரஷர் அளவில் முதலில் சொல்லும் எண்) சராசரியாக 8 புள்ளி அளவுக்கு இறங்கியது. நிறுத்தியதும் பழையபடி ஏறிவிட்டது. ஆகவே ஒரு நாள் விருந்து உதவாது, பழக்கமாக வேண்டும்.

படி 1: டாக்டரிடம் கேளுங்கள். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பீட்ரூட்டின் பொட்டாசியம் ஆகாது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இதிலுள்ள ஆக்சலேட் சிக்கல். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஜூஸைவிடப் பொரியல் நல்லது.

படி 2: இலையோடு வாங்குங்கள். உழவர் சந்தையில் "இலையை வெட்டாமக் கொடுங்கக்கா" என்று கேட்டால் தருவார்கள். இலையிலும் நைட்ரேட் நிறைய. உப்புத் தண்ணீரில் அலசி, சிறுபருப்பு போட்டுக் கூட்டு வையுங்கள். பல் இல்லாத பெரியவர்களும் சாப்பிடலாம்.

படி 3: வேகவைப்பது. இங்கேதான் பெரிய இழப்பு. நைட்ரேட் தண்ணீரில் கரையும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் காய் வேக நேரமாகும், நாமும் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். அதற்குப் பதிலாக, 2 நடுத்தர பீட்ரூட்டைத் தோலோடு, வால் நறுக்காமல், காம்பை ஒரு விரல் கணு விட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். குக்கரின் அடியில் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு பாத்திரம் வைத்து, அந்தப் பாத்திரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றாமல் காயை வைத்து வேகவிடுங்கள். சமவெளியில் 4 விசில் என்றால் இங்கே 6 வைப்பேன். ஆறியதும் விரலால் அழுத்தினாலே தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பாத்திரத்தின் அடியில் இறங்கியிருக்கும் சாற்றை ரசத்தில் சேர்த்துவிடுங்கள். துருவிய காயில் தேங்காயும் கடுகும் தாளித்தால் பொரியல் தயார். உப்பைப் பாதியாக்குங்கள். பிரஷருக்கு என்று சமைத்து அதில் உப்பை அள்ளிப்போட்டால் என்ன பயன்?

ஜூஸ் என்றால் அரைத்தவுடன் குடிக்க வேண்டும். நாள் முழுக்க வெளியில் வைக்கக் கூடாது.

படி 4: வாயைக் கவனியுங்கள். கிருமிநாசினி மவுத்வாஷ் தினமும் கொப்பளித்தால் அந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்தே போய்விடும், நைட்ரேட் அப்படியே நிற்கும். பல் பிடுங்கியபோது கொடுத்த பாட்டிலை அப்பா மாதக்கணக்கில் விடாமல் பயன்படுத்தி வந்தார். பல் டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்தினோம். இப்போது பல் தேய்த்து வெறும் தண்ணீரில் கொப்பளிக்கிறார். உங்கள் டாக்டர் ஏதாவது காரணத்துக்காகக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 5: பயப்படாதீர்கள். மூன்றாம் நாள் காலை அப்பா பாத்ரூமிலிருந்து முகம் வெளுத்து வந்தார். "ரத்தமா போகுதும்மா" என்றார். பார்த்தால் லேசான ரோஸ் நிறம், முந்தின ராத்திரிப் பொரியலின் சாயம். சிலருக்கு இப்படி வரும், கெடுதல் இல்லை. முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தப்பு. நீங்கள் சொல்லிவிடுங்கள். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவப்பாகப் போனால் மட்டும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

படி 6: அளந்து எழுதுங்கள். குளிரில் பிரஷர் ஏறும். அதனால் மலையில் காலையில் எழுந்தவுடன் அளக்காமல், அறை கொஞ்சம் சூடான பிறகு, டீ குடிக்கும் முன்னால் அளக்கிறோம். ஸ்வெட்டர் கையைக் கழற்றிவிட்டு, பாதம் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதையும் எழுதுங்கள். மாத்திரையோடு சேர்ந்து அழுத்தம் அதிகமாக இறங்கியிருக்கலாம்.

4 வாரம் கழித்து அந்த நோட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். அதுவரை ஒரு வேளைகூட விடக் கூடாது.