தமிழ் உருபிலிருந்து ஆங்கில முன்னிடைச்சொல்லுக்குப் போவது எப்படி

‘அறையில்’, ‘பேருந்தில்’, ‘பேருந்து நிறுத்தத்தில்’. மூன்றுக்கும் தமிழில் ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலமோ ‘இன் தி ரூம்’, ‘ஆன் தி பஸ்’, ‘அட் தி பஸ் ஸ்டாப்’ என்று மூன்று சொல் கேட்கிறது. பள்ளியில் பிரெபோசிஷன் என்று படித்த முன்னிடைச்சொற்களில் நாம் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ‘தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே யோசி’ என்ற அறிவுரை தொடக்கத்தில் யாருக்கும் உதவாது. நம் உருபுகளில் சில நேராக வழி காட்டும், சில ஏமாற்றும். எது எது என்று பிரித்து வைத்துக்கொள்வதே நல்ல தொடக்கம்.

காலத்தைச் சொல்லும்போது தமிழை நம்பலாம். ‘இரண்டு வருஷமாக’ என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. ‘2019 முதல்’, ‘2019-லிருந்து’ என்று வந்தால் ‘சின்ஸ்’. முன்னது கால அளவு, பின்னது தொடங்கிய புள்ளி. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதத் தோன்றும்போது அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘இரண்டு வருஷம் முதல்’ என்று காதில் இடறும். கூடவே வினையையும் கவனிக்க வேண்டும். ‘வேலை பார்க்கிறேன்’ என்ற நம் நிகழ்காலம் ‘ஐ ஆம் ஒர்க்கிங்’ என்று எழுத இழுக்கும். ஆனால் ‘சின்ஸ் 2019’ பக்கத்தில் நிற்கும் வினை ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்றே இருக்க வேண்டும்.

அலுவலக மின்னஞ்சல்களில் அதிகம் சேதம் செய்வது ‘க்குள்’. அதற்கு முன்னால் நிற்பது நாளா, கால அளவா என்று பாருங்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றால் ‘பை ஃப்ரைடே’. ‘இரண்டு நாளுக்குள்’ என்றால் ‘விதின் டூ டேஸ்’. ‘விதின் ஃப்ரைடே’ என்பது தவறு. ‘வெள்ளிக்கிழமை வரை’ என்பதற்குத்தான் ‘அண்டில்’. ‘அண்டில் ஃப்ரைடே அனுப்புகிறேன்’ என்று எழுதினால் அதுவரை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று பொருளாகிவிடும். ‘இன் டூ டேஸ்’ என்றால் பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து என்றே எடுத்துக்கொள்வார்கள். கெடு சொல்லும் இடத்தில் ‘விதின்’ போடுவதே பாதுகாப்பு.

மணிக்கு ‘அட்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. ‘இன் தி மார்னிங்’ சரி. ஆனால் கிழமை சேர்ந்துவிட்டால் ‘ஆன் மண்டே மார்னிங்’. இரவுக்கு ‘அட் நைட்’. கிழமைக்கும் மாதத்துக்கும் முன்னால் ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ வந்தால் முன்னிடைச்சொல்லே வேண்டாம்: ‘நெக்ஸ்ட் மண்டே’ மட்டும் போதும், ‘ஆன்’ தேவையில்லை.

இடத்துக்கு வரும் ‘இல்’தான் நிஜமான சோதனை. அந்த இடம் உங்கள் மனதில் எப்படித் தெரிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் சூழ்ந்ததாகத் தெரிந்தால் ‘இன்’, மேற்பரப்பாகத் தெரிந்தால் ‘ஆன்’, வரைபடத்தில் வைத்த புள்ளியாகத் தெரிந்தால் ‘அட்’. அறையின் மூலைக்குள் நாற்காலி கிடந்தால் ‘இன் தி கார்னர்’. தெருமுனையில் ஒருவர் காத்திருந்தால் ‘அட் தி கார்னர்’. வண்டிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு: உள்ளே எழுந்து நடக்க இடமுள்ள பேருந்து, ரயில், விமானம் எல்லாம் ‘ஆன்’, உட்கார மட்டுமே முடியும் கார், ஆட்டோ, டாக்சி ‘இன்’. பைக்கும் சைக்கிளும் மேலே ஏறி உட்காருவதால் ‘ஆன்’. திறமையைச் சொல்லும் ‘இல்’லில் மட்டும் இந்தக் கேள்வி செல்லாது. ‘கணக்கில் கெட்டிக்காரி’ என்பது ‘குட் அட் மேத்ஸ்’. அதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

‘ஆல்’ உருபைக் கருவி, செய்பவர், பொருள் என்று பிரியுங்கள். பேனாவால் எழுதினால் ‘வித் எ பென்’. அவரால் எழுதப்பட்டது என்றால் ‘பை ஹிம்’. மரத்தால் ஆன மேசை ‘மேட் ஆஃப் வுட்’, ஏனென்றால் மரம் இன்னும் மரமாகவே தெரிகிறது. மரத்திலிருந்து செய்த காகிதம் ‘மேட் ஃப்ரம் வுட்’, ஏனென்றால் மூலப்பொருள் உருமாறிவிட்டது.

இனி உருபு வழி காட்டாத இடம். இங்கே முடிவு செய்வது வினைச்சொல். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற தமிழ்தான் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்ற பிழையைப் பெற்றெடுக்கிறது. ‘டிஸ்கஸ்’ தன் பின்னால் முன்னிடைச்சொல் எதையும் ஏற்காது, விவாதித்த பொருள் நேராக வரும். ‘ரீச்’, ‘அட்டெண்ட்’, ‘ஆன்சர்’, ‘மென்ஷன்’, ‘கான்டாக்ட்’ ஆகியவையும் அப்படியே. ‘அவரோடு கல்யாணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ என்று எழுதுகிறோம். ‘மேரீட் டு’ என்பதே சரி. எதிர்ப்பக்கமும் உண்டு: ‘எனக்கு விளக்கு’ என்பது ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ ஆகாது, ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ ஆக வேண்டும். ‘பாட்டு கேட்டேன்’ என்பதில் நமக்கு உருபே இல்லை, ஆங்கிலத்தில் ‘லிசன்’ வந்தால் ‘டு’ கட்டாயம்.

இந்தப் பிழைகள் எளிதில் போகாததற்குக் காரணம், பெயர்ச்சொல்லாகும்போது அதே சொல் முன்னிடைச்சொல்லை ஏற்றுக்கொள்வதுதான். ‘எ டிஸ்கஷன் அபௌட்’ சரி, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி, ‘அன் ஆன்சர் டு’ சரி. ஆனால் வினையாக ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார்’ தவறு. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லின் முன்னால் ‘ஒரு’ என்று பொருள்படும் ‘எ’ அல்லது ‘அன்’ பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அது பெயர்.

இதற்கெல்லாம் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ‘டிபெண்ட் = சார்ந்திரு’ என்று தனிச்சொல்லாக எழுதினால் பயனில்லை. ‘டிபெண்ட் ஆன்’ என்று சேர்த்து, கீழே உங்கள் வேலையிலிருந்து ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். மறுநாள் முன்னிடைச்சொல்லைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அகராதி வாங்கினால் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் வெளியிடும் பதிப்புகளில் ஒன்றைப் பாருங்கள். ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பெரும்பாலும் பொருளோடு நிறுத்திக்கொள்ளும்; இவை ஒவ்வொரு வினையும் எதை ஏற்கும் என்பதையும் எடுத்துக்காட்டோடு தரும்.

கடிதத்தின் கடைசி வரியில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று இருக்கிறது: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’. இந்த ‘டு’ முன்னிடைச்சொல்லா, வினையோடு வரும் ‘டு’வா என்று அறிய, அதன்பின் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்று இயல்பாக வருகிறது, ஆகவே இது முன்னிடைச்சொல். பின்னால் வரும் வினை ‘ஹியரிங்’ என்று ‘இங்’ சேர்ந்து நிற்க வேண்டும். ‘ஐ வாண்ட் டு’ என்பதன் பின் ‘யுவர் ரிப்ளை’ நிற்காது, அதனால் அங்கே ‘ஹியர்’ மட்டும்.