ஆவாரை விதையா, பேயாவாரை விதையா: பார்த்துப் பிரிக்கும் முறை

பூத்து நிற்கும் ஆவாரையை யாரும் தவறவிடுவதில்லை. விதையாகப் பொட்டலத்தில் வரும்போதுதான் குழப்பம். பேயாவாரையும் தகரையும் அதே பழுப்பில் கலந்து கிடக்கும். பேயாவாரை விதை நஞ்சு, அதைத் தின்ற குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் இடம் மாறும் என்பதால் தாவரவியல் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம்: ஆவாரை சென்னா ஆரிகுலாட்டா, பேயாவாரை சென்னா ஆக்சிடென்டாலிஸ், தகரை சென்னா டோரா.

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸும் மில்லிமீட்டர் கிராஃப் தாளும் போதும். பொட்டலத்தின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து இருபது விதை எடுங்கள். சூம்பியதையும் வண்டு துளைத்ததையும் ஒதுக்குங்கள். முற்றாத ஆவாரை விதை சிறுத்துப்போய்ப் பேயாவாரை போலவே ஏமாற்றும். ஊறிய விதை உப்பியிருக்கும், அதை அளந்து பயனில்லை.

முதலில் அளவு. ஆவாரை விதை நீளவாக்கில் 7 முதல் 9 மி.மீ., அகலம் 4 முதல் 5 மி.மீ. பேயாவாரை ஏறக்குறைய வட்டம், தட்டை, குறுக்களவு 4 மி.மீ. அளவில் நின்றுவிடும். தகரை இரு முனையையும் சாய்வாகச் சீவியதுபோல் சாய்சதுரமாக, பளபளப்பாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முற்றிய பதமும் சேமித்த காலமும் அதை மாற்றிவிடும்.

அடுத்து விதையின் முகம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பினால், மெல்லிய கோடு சூழ்ந்த ஒரு தடம் தெரியும். நேர்வெளிச்சத்தில் பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. பேயாவாரையில் அது நீள்வட்டம், தட்டை முகத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். தகரையில் பட்டை போல ஓடும், அகலம் 1.5 முதல் 2 மி.மீ. அந்தப் பட்டை அரை மில்லிமீட்டருக்குள் கோடாக ஒடுங்கியிருந்தால் அது தகரையே அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சென்னா ஒப்டுசிஃபோலியா. இந்த இரண்டையும் பிரிக்க இதைவிட நம்பகமான விதை அடையாளம் இல்லை என்பது எங்கள் கணிப்பு.

காயோடு கிடைத்தால் வேலை சுலபம். ஆவாரைக் காய் காகிதம்போல் மெல்லியது, விதைக்கு விதை நடுவே அலையலையாகச் சுருங்கி இருக்கும். பேயாவாரைக் காய் ஒடுங்கியது, இரு விளிம்பும் வெளிறி, நடுவில் பழுப்பு ஓடும். தகரைக் காய் நீண்டு மெலிந்து வளைந்திருக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் பத்து விதையை முளைக்கப் போடுங்கள். தோல் கெட்டி, அப்படியே போட்டால் வாரக்கணக்கில் கிடக்கும், விதை செத்தது என்று தவறாக எண்ணிவிடுவோம். விதைத் தழும்புக்கு, அதாவது விதை காயோடு ஒட்டியிருந்த இடத்துக்கு, எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தால் முளைப்பு சீராகும். கன்று வளர்ந்ததும் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். இருபுறமும் காதுமடல் போன்ற அகன்ற செதில் இருந்தால் ஆவாரை. ஆரிகுலாட்டா என்ற பெயரே அந்தக் காதால் வந்தது. முதிர்ந்த இலையில் மூன்றே ஜோடி சிற்றிலை என்றால் தகரை அல்லது ஒப்டுசிஃபோலியா. நான்கு முதல் ஆறு ஜோடி கூர்நுனிச் சிற்றிலையும் கசக்கினால் கெட்ட வாடையும் என்றால் பேயாவாரை.